மீட்பு நாய், பெரிய உடம்பு: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

சென்னையில் தத்தெடுப்புக்கு வரும் பெரிய நாய்களில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ஹஸ்கி, ராஜபாளையம் எல்லாம் உண்டு. வீடு மாறும்போது கைவிடப்பட்டவை சில. குட்டி போட வைத்தே தேய்த்துவிட்டுத் தெருவில் இறக்கிவிடப்பட்டவை சில. முதல் மூன்று மாதத்தில் இவை கொடுக்கும் தொந்தரவுகள் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் சரியாவதை முதலில் பாருங்கள். எக்ஸ்ரேயும் ஆபரேஷனும் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: குணம் சரியில்லை என்று முடிவு கட்டும் முன் உடம்பைப் பாருங்கள். "முரட்டு நாய்", "சோம்பேறி நாய்" என்று பெயர் வாங்கித் திருப்பி அனுப்பப்பட்ட பல நாய்களுக்கு வலியோ உண்ணிக் காய்ச்சலோதான் இருந்திருக்கும்.

## முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

மருத்துவருக்குப் போன் செய்தால் அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

- காய்ச்சல்: மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனியில் வாசலின், ஆசனவாயில் ஒரு அங்குலம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கைத் தொட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.
- ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.
- மூச்சு: நன்றாகத் தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குள்.
- எடை: கிளினிக்கில் உள்ள தரை எடைமேடையில் மட்டும். 40 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் தராசில் ஏற முயல வேண்டாம். உத்தேச எடைக்கு மருந்து கொடுத்துத்தான் பல சிகிச்சைகள் தோற்கின்றன.

தடுப்பூசிச் சீட்டு கையில் இல்லையென்றால், "போட்டாச்சு" என்று யார் சொன்னாலும் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## சாப்பிடவில்லை

முதல் 48 மணி நேரம், தண்ணீர் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை, ஈறு சரி. இடம் மாறிய பயம். ஒரே அறை, ஒரே ஆள், ஒரே நேரம். தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவதும் ஊட்டுவதும் பயத்தைக் கூட்டும். காப்பகத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு அதையே தொடருங்கள். அது கோழிக்கால் போட்ட சாதமாக இருந்தால் அதுதான். விலை உயர்ந்த ட்ரை ஃபுட் பிறகு.

முகர்ந்து பார்க்கிறது, வாயில் எடுத்துக் கீழே போடுகிறது. பல். கூண்டுக் கம்பியைக் கடித்து உடைந்த கோரைப்பற்கள் இவற்றிடம் சகஜம். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்: உடைந்த பல்லின் நடுவில் கறுப்புப் புள்ளி, கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒரு பக்கம் மட்டும் எச்சில். மருத்துவரிடம் காட்டும் வரை உணவை ஊறவைத்துக் கொடுக்கலாம். பல் பிடுங்குவது மயக்க மருந்து வேலை, ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகே.

விலா, இடுப்பு எலும்பு எல்லாம் தெரிகிற அளவுக்கு மெலிந்து, பல நாள் பட்டினி. இங்கே அன்பே ஆபத்து. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சரிந்து நாய் சுருண்டுவிடும். ஆகவே முதல் நாள் தட்டு நிறையச் சோறு கூடாது. 25 கிலோவுக்கு மெலிந்த நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 780 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் கால் பங்கு, இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழுதும். கால் பங்கு என்பது இரண்டு அவித்த முட்டையும் 30 கிராம் வெந்த கோழிக்கறியும்தான். அதையும் ஐந்து வேளையாகப் பிரியுங்கள். நிற்கவே தடுமாறினால் வீட்டில் முயலாமல் அட்மிட் செய்யுங்கள்.

48 மணி தாண்டியது, அல்லது 103-க்கு மேல் காய்ச்சல். அடுத்த தலைப்பு.

## படுத்தே கிடக்கிறது, காய்ச்சல், மூக்கில் ரத்தம்

சென்னையில் இதற்கு முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் எர்லிச்சியா, பேபிசியா என்ற இரண்டு ரத்தக் கிருமிகளும் இங்கே வருடம் முழுவதும் உண்டு. நாயின் மேல் இன்று உண்ணி இல்லாதது எதையும் நிரூபிக்காது. எர்லிச்சியா மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து, இட மாற்றத்தின் அலைச்சலில் வெளியே வரும்.

பார்க்க வேண்டியவை:

1. காது மடலுக்குள், விரல் இடுக்கு, அக்குள், பெல்ட்டுக்கு அடியில், வாலடி. உண்ணி இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய், டர்பென்டைன் எதுவும் தடவக் கூடாது. நசுக்கவும் கூடாது.
2. வயிற்றுத் தோலிலும் ஈறிலும் ஊசி குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன.
3. மூத்திரம் காபி நிறமா? ஈறு வெளுத்திருக்கிறதா? அப்படியானால் பேபிசியாவாக இருக்கலாம்.

பரிசோதனையில் சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் சரியான இடத்தில் பிடியுங்கள். முழு ரத்த எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) கட்டாயம். தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் இருப்பது இயல்பு. கிளினிக்கில் பத்து நிமிடத்தில் பார்க்கும் பெரும்பாலான கிட்கள் எர்லிச்சியாவைக் காட்டும், பேபிசியாவைக் காட்டாது. கிட் நெகட்டிவ், ஈறு வெளுப்பு என்றால் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) கேளுங்கள்.

எர்லிச்சியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் துள்ளும், மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும். இன்னொரு பிழை நம் ஊர்ப் பிழை: மாத்திரையைத் தயிர் சாதத்தில் பொதிந்து கொடுப்பது. பால், தயிர், கால்சியம் டானிக் மூன்றும் இந்த மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். கோழிக்கறி உருண்டையில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். உலர்ந்து தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும்.

சிகிச்சை முடிந்தும் உண்ணி திரும்ப வருகிறது. இப்போது பிழை நாயிடம் இல்லை, சுவரில் இருக்கிறது. இந்தப் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். ஜன்னல் சட்டம், ஸ்விட்ச் போர்டு இடுக்கு, கட்டில் மூட்டு, கூரை மூலை வரை ஏறும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இடுக்குகளை அடைத்து, வாக்குவம் போட்டு, பெஸ்ட் கன்ட்ரோலை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறையாவது செய்யச் சொல்லுங்கள். நாய்க்கு வாய்வழி மாத்திரை (ஃப்ளூரலானர் என்றால் 12 வாரம், அஃபாக்சோலானர் என்றால் ஒரு மாதம்) நாயின் எடை வரம்புக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். 42 கிலோ நாய்க்கு 40 கிலோ வரைக்கான மாத்திரை போதாது. வலிப்பு வந்த நாய் என்றால் வாங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து, ஸ்ப்ரே எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது; பூனை செத்துவிடும்.

அன்றே மருத்துவர்: மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, காபி நிற மூத்திரம், 104-க்கு மேல் காய்ச்சல். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விலங்குகளுக்கான ரத்த வங்கி இருக்கிறது.

## பேதி

கெட்டியில்லை, ஆனால் நாய் உற்சாகம். உணவு மாற்றம். சாதம் இரண்டு பங்கு, தோலில்லாத வெந்த கோழி ஒரு பங்கு, மசித்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி. உப்பு, மஞ்சள், மசாலா கிடையாது. மூன்று நாள் இது, பிறகு புதிய உணவுக்கு ஏழு நாளில் படிப்படியாக மாறுங்கள். பாலை நிறுத்துங்கள். சாம்பார், குழம்பு ஊற்றிய மிச்சச் சோறும் வேண்டாம்; வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

சளி போல, சிவப்பு ரத்தக் கோடு. பெருங்குடல் அழற்சி, குடல்புழு, அல்லது ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடல்புழு மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. 35 கிலோ நாய்க்கு மூன்றரை. "ஒன்று கொடுத்தேன், புழு போகவில்லை" என்ற புகாருக்கு வேறு காரணம் தேட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஒரு வயதுக்குள், வாந்தியோடு, துர்நாற்றமடிக்கும் ரத்தப் பேதி. பார்வோ வைரஸ். ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளை இது மோசமாகத் தாக்கும். வீட்டில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தரையில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கும். ஃபினாயில் அதற்குப் போதாது, ப்ளீச்சை 1-க்கு 30 என்று கலந்து பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள்.

தார் போலக் கறுத்த மலம். மேல்குடலில் ரத்தக் கசிவு. அன்றே.

## மூச்சு இரைக்கிறது, நிற்கவில்லை

முதலில் தெர்மாமீட்டர்.

104-க்கு மேல், எச்சில் கெட்டி, ஈறு செங்கல் சிவப்பு, தள்ளாட்டம். ஹீட் ஸ்ட்ரோக். நாய் நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நம் கடலோரக் காற்றில் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை. ஆகவே 36 டிகிரி செல்சியஸ் நாளில்கூட இது வரும். அக்னி நட்சத்திரம் வரைக்கும் காத்திருக்காது.

உடனே செய்ய வேண்டியது: நிழல், ஹோஸ் பைப் தண்ணீர் உடம்பு முழுவதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, எதிரில் பெடஸ்டல் ஃபேன். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள், சூட்டை அடைத்துவிடும். சுயநினைவோடு இருந்தால் மட்டும் தண்ணீர் காட்டுங்கள், வாயில் ஊற்ற வேண்டாம். 103.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். தொடர்ந்து ஊற்றினால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். ஏசி போட்ட காரில் கிளம்புங்கள். நாய் தேறிவிட்டாற்போல எழுந்து நின்றாலும் போயாக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெட்டிருப்பது மறுநாள்தான் தெரியும்.

தவிர்க்க: நடை காலை 6-க்கு முன், இரவு 8-க்குப் பின். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. ஹஸ்கி, ஷெப்பர்டுக்கு மொட்டை அடிக்காதீர்கள். உள்ரோமத்தைச் சீவி எடுத்தால் போதும். செயின்ட் பெர்னார்டை ஏசி இல்லாத வீட்டுக்குத் தத்தெடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

காய்ச்சல் இல்லை, மூச்சில் கரகரச் சத்தம், குரைப்பும் மாறியிருக்கிறது, வயதான லாப்ரடார். குரல்வளை தளர்ச்சி. கழுத்துப் பெல்ட்டைக் கழற்றி, மார்பில் மாட்டும் ஹார்னஸுக்கு மாறுங்கள், வெயிலில் இறக்காதீர்கள், நிபுணரிடம் காட்டுங்கள்.

தூக்கத்திலும் நிமிடத்துக்கு 40, இரவில் இருமல், டாபர்மேன் அல்லது கிரேட் டேன். இதயம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

## வயிறு உப்பியிருக்கிறது, ஓங்கரிக்கிறது, ஒன்றும் வரவில்லை

இதற்கு வீட்டுச் சோதனை கிடையாது. இரைப்பை முறுக்கிக்கொண்டது. கிரேட் டேன், ஷெப்பர்ட், செயின்ட் பெர்னார்ட், டாபர்மேன் போல மார்பு ஆழமான எந்த நாய்க்கும் வரும். சோடா, ஈனோ, ஜெலுசில், வயிற்றைத் தேய்த்தல் எல்லாம் நேரத்தைத் தின்னும். சில மணி நேரத்தில் உயிர் போகும். போனில் "இரைப்பை முறுக்கு என்று சந்தேகம், சர்ஜன் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வேப்பேரியில் 24 மணி நேர அவசரப் பிரிவு உண்டு. உங்கள் பகுதியில் இரவு ஆபரேஷன் செய்யும் தனியார் இடம் எது, 45 கிலோ நாயை ஏற்ற எந்த வண்டி வரும் என்ற இரண்டையும் தத்தெடுத்த வாரமே விசாரித்து எழுதி ஒட்டுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச முடியாது. படுத்துவிட்ட நாயைக் கெட்டியான போர்வையில் நான்கு மூலை பிடித்துத் தூக்குங்கள்.

தடுப்பு: ஒரே வேளைச் சாப்பாடு கூடாது, இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓட்டம் இல்லை. கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஒரே மயக்க மருந்தில் முடிந்துவிடும்.

## நொண்டுகிறது, எழுந்திருக்க முடியவில்லை

எளிதிலிருந்து ஆரம்பியுங்கள். பாதத்தைத் திருப்பி விரல் இடுக்கு ஒவ்வொன்றாக: முள், கண்ணாடி, உண்ணி, வளைந்து பாதத்தின் மெத்தைச் சதையில் குத்தும் நகம். அடுத்தது தரை. விட்ரிஃபைடு டைல்ஸில் பெரிய நாய் கால் விரித்துச் சறுக்கும். அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை யோகா மேட் அல்லது ரப்பர் மேட் பாதை போட்டு, பாத ரோமத்தை வெட்டுங்கள். சில நாய்களின் "இடுப்பு நோய்" ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

போகாதவை:

- ஒரு பின்னங்கால், விரல் நுனி மட்டும் தரையில், உட்கார்ந்தால் கால் வெளியே நீளும்: முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். பருத்த லாப்ரடாருக்கு அதிகம். இது ஆபரேஷன் வகை.
- முயல் போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவி ஓட்டம், படி ஏற மறுப்பு: இடுப்பு மூட்டு. மயக்கம் கொடுத்து எடுத்த எக்ஸ்ரே மட்டுமே உபயோகம். எடை குறைப்பு, நீச்சல், வலி மருந்து என்றே பல வருடம் ஓட்டலாம். படி ஏற வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தாங்குங்கள்.
- 6 முதல் 18 மாத ஷெப்பர்ட், இன்று ஒரு கால், அடுத்த வாரம் இன்னொன்று: வளரும் வயதின் எலும்பு வலி. தானாக ஆறும். பெட் ஷாப்பில் கையில் திணிக்கும் கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பைக் கோணலாக்கும்.
- ஒவ்வொரு மூட்டும் வலி, காய்ச்சல்: உண்ணித் தலைப்புக்குத் திரும்புங்கள்.
- ஏழு வயதுக்கு மேல், மணிக்கட்டுக்கு மேலே அல்லது முழங்கால் அருகே கல் போன்ற வீக்கம்: எலும்புப் புற்று. அந்த வாரமே எக்ஸ்ரே.
- முழங்கையில் நீர்ப்பை போல மெத்தென்று: சிமென்ட் தரையில் படுத்தே வந்தது. ஊசி போட்டு உறிஞ்சக் கூடாது, சீழ் பிடிக்கும். நான்கு அங்குல ஃபோம் மெத்தை போடுங்கள்.

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ப்ரூஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அடுத்த கிளினிக்கில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மருந்தும் சேர்ந்தால் குடல் புண்ணாகும்.

## பெண் நாய்: கசிவு, ரத்தம், அதிகத் தாகம்

குட்டி போட்டுத் தேய்ந்த நாய் என்றால் இந்தத் தலைப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

பருவம் வந்து நான்கு முதல் எட்டு வாரம் கழித்துச் சோர்வு, வாந்தி, தாகம், பின்னால் சீழ்: கருப்பையில் சீழ். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் பெருத்தால் அது இன்னும் மோசம், கருப்பை வாய் மூடியிருக்கிறது. ஸ்கேன், அன்றே ஆபரேஷன். ஆன்டிபயாடிக்கை வைத்து ஒரு வாரம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள்.

பருவம் இல்லாமலேயே வாரக்கணக்கில் ரத்தச் சொட்டு, உறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதை: இணைசேர்க்கையில் தொற்றும் கட்டி. ஆண் நாய்க்கும் வரும். பார்க்கத்தான் பயங்கரம், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி வீதம் நான்கு முதல் ஆறு ஊசியில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். நிறையப் பேர் இந்தக் கட்டியைப் பார்த்துவிட்டுத்தான் தத்தெடுப்பையே கைவிடுகிறார்கள்.

## சொறிகிறது, முடி கொட்டுகிறது

உண்ணி, தெள்ளு மருந்து முதலில். இரண்டு வாரம் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த வாடையும் இருந்தால் பூஞ்சை. க்ளோர்ஹெக்சிடின், கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூ வாரம் இருமுறை. நுரை பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும், உடனே கழுவினால் வெறும் சோப்புதான். காது ஓரம், முழங்கை சொறிந்து வீட்டு மனிதர்களுக்கும் அரிப்பு என்றால் சிரங்குப் பூச்சி. தோல் சுரண்டிப் பரிசோதனை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாரும் கண்மதிப்பில் போட விடாதீர்கள். ஷெப்பர்ட் நாய்கள் சிலவற்றுக்கு மரபிலேயே அந்த மருந்து மூளைக்குள் ஏறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கழுத்தில் திடீர் ஈரப்புண் வந்தால் சுற்றி முடியை வெட்டி உலர விடுங்கள். அதே மழையில் தேங்கிய தண்ணீரைக் குடித்த நாய்க்கு வாந்தியும் கண்ணில் மஞ்சளும் தெரிந்தால் எலிக்காய்ச்சல். அது மனிதருக்கும் தொற்றும். மூத்திரத்தைக் கையுறை போட்டுத் துடையுங்கள், நாயை அன்றே கொண்டு போங்கள்.

## உறுமுகிறது

உறுமலை அதட்டாதீர்கள். எச்சரிக்கையை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். எப்போது உறுமுகிறது என்பதை ஒரு வாரம் எழுதி வையுங்கள்.

தொடும்போது, குறிப்பாக ஒரே இடத்தில்: வலி. காது, இடுப்பு, பல்.

தூங்கும்போது அருகே போனால், வெள்ளை ராஜபாளையம் அல்லது வெள்ளை கிரேட் டேன்: காது கேட்காமல் இருக்கலாம். பின்னாலிருந்து, தரை அதிராமல், பார்வையில் படாமல் சாவியைக் குலுக்குங்கள். கேட்கவில்லையென்றால் விளக்கைப் போட்டணைத்து எழுப்பப் பழக்குங்கள். வேறு சிகிச்சை வேண்டாம்.

தட்டருகே: கையைத் தட்டுக்குள் விட்டு "பழக்க" வேண்டாம். எட்டு அடி தள்ளி நின்று கோழித் துண்டு ஒன்றை வீசிவிட்டு நகருங்கள். உடம்பு தளர்ந்து, நீங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டினால் மட்டும் அடுத்த நாள் ஒரு அடி முன்னே. குழந்தைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

குழந்தையைக் கண்டால் விறைத்து, கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கிறது: வீட்டு வைத்தியம் இல்லை. கதவு பூட்டிப் பிரித்துவிட்டு, காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். அடிக்கிற, செயினால் சுண்டுகிற பயிற்சியாளரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முகக்கவசம் வாங்குவதானால் கூடை வகை. துணி வகை வாயைக் கட்டிவிடும், இந்த ஊர் வெயிலில் நாயால் இரைக்க முடியாது. நிலக்கடலை வெண்ணெய் தடவிப் பத்து நாளில் பழக்கலாம். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்த வெண்ணெய் கூடாது, நாய்க்கு அது விஷம்.

கடித்தே விட்டது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனை அல்லது ஆரம்பச் சுகாதார நிலையம். தடுப்பூசி அங்கே இலவசம். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்பதால் மனிதர் போகாமல் இருக்கக் கூடாது.

## நழுவி ஓடுகிறது, தெருநாயைக் கண்டால் பாய்கிறது

பயந்த பெரிய நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரண பெல்ட் தலை வழியே வந்துவிடும். முதல் மூன்று மாதம் ஹார்னஸ் ஒன்று, இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் ஒன்று, இரண்டிலும் கொக்கி மாட்டிய ஆறடி நைலான் லீஷ். இரும்புச் செயின் கையை அறுக்கும். நீண்டு சுருங்கும் வகையும் வேண்டாம்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு எல்லை உண்டு. தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்கும் நேரத்தையும் இடத்தையும் தெரிந்துகொண்டு அதைத் தவிருங்கள். கூட்டம் நெருங்கினால் கல்லுக்குக் குனியாமல், ஒரு பிடி பிஸ்கட்டை அவற்றுக்குப் பின்னால் வீசிவிட்டுத் திரும்பி நடங்கள்.

நாய் காணாமல் போவது பெரும்பாலும் வெடிச் சத்தத்தில்: தீபாவளி, கிரிக்கெட் வெற்றி, சாவு ஊர்வலம். முதல் இரண்டுக்கும் தேதி தெரியும். மூன்றாவதற்குத் தெரியாது, ஆகவே கேட் எப்போதும் பூட்டியிருக்கட்டும். பட்டாசுக்கு முந்தின வாரமே பயம் குறைக்கும் மாத்திரை பற்றிப் பேசுங்கள். நாயை அசையாமல் மட்டும் போடும் மயக்க மாத்திரை பயத்தைக் குறைக்காது. மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் காப்பகத்தின் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

## வீட்டுக்குள் மூத்திரம்

கூண்டில் வளர்ந்த நாய்க்குச் சிமென்ட்டுதான் கழிப்பறை. மண்ணைக் காட்டினால் அடக்கிக்கொண்டு திரும்பி வந்து ஹாலில் விடும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், முடித்த நொடியில் தின்பண்டம். இரண்டு மூன்று வாரம்.

தூக்கத்தில் படுக்கை நனைந்தால் அது பழக்கம் இல்லை. கருத்தடை செய்த பெரிய பெண் நாய்களுக்கு வரும் தளர்ச்சி, மாத்திரையில் அடங்கும். தண்ணீரை அளந்து பாருங்கள்: கிலோவுக்கு 100 மி.லி. தாண்டினால், அதாவது 35 கிலோ நாய் நாளில் மூன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், சர்க்கரை, சிறுநீரகம், கருப்பைச் சீழ் மூன்றையும் பார்க்க வேண்டும்.

## தனியே விட்டால் ஊளை, கதவைப் பிறாண்டல்

பழைய போனில் வீடியோ ஓட விட்டு வெளியே போங்கள். அரை மணி கழித்து ஆரம்பித்தால் சலிப்பு. காலையில் கூடுதல் நடை, மெல்ல ஏதாவது. நீங்கள் செருப்பு மாட்டும்போதே நடுக்கம், எச்சில் வழிதல் என்றால் பிரிவுப் பதற்றம்: 30 விநாடி, ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று வெளியே போய் வருவதிலிருந்து தொடங்குங்கள். நகம் பெயரும் அளவுக்குப் பிறாண்டினால் கூண்டில் அடைக்காதீர்கள், மருந்து தேவை. பால்கனியில் விட்டுப் பூட்டுவது எதற்கும் தீர்வில்லை. அங்கிருந்து குதித்த நாய்கள் உண்டு.

## அசோசியேஷனிலிருந்து கடிதம் வருகிறது

மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வைத்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ராட்வைலர், பிட்புல் வகைகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பதால், தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

உரிமம், தடுப்பூசிச் சீட்டு இரண்டின் நகலையும் இணைத்துப் பதில் எழுதுங்கள். பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் குடியிருப்பில் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் புகார் லிஃப்டில் எச்சில், படியில் மூத்திரம் என்றால் சட்டம் பேசாமல் துடைத்துவிடுங்கள். லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே, நாயின் இனத்தையும் எடையையும் போட்டு எழுதி வாங்குங்கள். "சின்ன நாய்தான்னு நினைச்சேன்" என்பதுதான் வழக்கமாக வரும் தகராறு.